அம்மப்பா எந்த விமானத்தையும் சுட்டு விழுத்தவில்லை

கல்லடி,
மட்டக்களப்பு.
02.04.2025

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. புத்தாண்டுக்கு முன்னர் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

அங்கே போர்வீரர்களை நினைவுகூர இம்மாதம் 25ஆம் திகதி வரும் அன்சாக் நாளுக்காகப் பாடசாலையில் வாசிக்கவென்று பிள்ளை எழுதிய கட்டுரையை நீ தமிழாக்கி, குரலில் பதிந்து அனுப்பியிருந்தாய். மூன்று முறை கேட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தான் ஒருநாளும் காணாத ஒரு மனிதரைப் பற்றி அவ்வளவு கவனமாக எழுதியிருப்பது எனக்குப் பெருமைதான். ஆனால் நடுவே ஒரு வசனம் வருகிறது: "எனது அப்பாவின் அம்மப்பா திருகோணமலையில் ஜப்பானிய விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார்." அந்த வசனம் பொய், மகன். பிள்ளை சொன்ன பொய்யல்ல, நீ சொன்னதுமல்ல. முப்பது வருடம் மற்றவர்களின் பிள்ளைகளுடைய கட்டுரைத் தாள்களைச் சிவப்பு மையால் திருத்திய உன் அம்மாதான் அதைச் சொன்னவள்.

1986ஆம் ஆண்டு மாரியில் ஓர் இரவு அது. உனக்குப் பத்து வயது. மின்சாரம் இல்லை. வாவிக்கு மேலால் வந்த ஹெலிகொப்டர் கரையோரமாகச் சுட்டுக்கொண்டு போய், திரும்பி, மறுபடியும் வந்தது. கட்டிலுக்குக் கீழே என் மடியில் கிடந்த உனக்கு உடம்பு உதறிப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியாமல், "பயப்படாத மகன், அம்மப்பா இருக்கிறார், அவர் ஜப்பான்காரன்ட விமானத்தையே சுட்டு விழுத்தினவர்" என்று சொல்லிவிட்டேன். உன் உதறல் நின்றது. சுவரோடு சாய்ந்திருந்த உன் அம்மப்பா அப்போது ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியப்புறம் கிணற்றடியில் வைத்துத்தான் சொன்னார்: "அவன்ட பயம் போகட்டும் எண்டு சொன்னாய், சரி புள்ள. ஆனா அவன் வளந்த புறகு நீதான் திருத்தோணும்." நீ வளர்ந்தாய், படித்தாய், கடல் கடந்து போனாய். நான் திருத்தவில்லை. முதலில் மறந்தேன், பிறகு வெட்கப்பட்டேன். இனியும் விட்டால் அது பூட்டப்பிள்ளையின் வாயால் ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் போய்விடும் என்பதனால், தொலைபேசியில் சொல்லாமல் எழுதுகிறேன்.

உன் அம்மப்பா 1921இல் ஆரையம்பதியில் பிறந்தவர். சிவானந்தாவில் படித்தார், தமிழும் கணக்கும் அவருக்கு நன்றாக வந்தன. 1940இன் கடைசியில், பத்தொன்பது வயதில், அவர் பட்டாளத்தில் சேர்ந்ததற்கு வீரம் காரணமல்ல. எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்கு என்பது உனக்குத் தெரியும். ஆண்பிள்ளை கையை வீசிக்கொண்டு போய் இன்னொரு வீட்டில் ஏறுகிறவன். அவருக்கு இரண்டு தங்கைமார் இருந்தார்கள். தகப்பனாருக்கு இரண்டு போகம் தொடர்ந்து வெள்ளாமை பிழைத்திருந்தது. தங்கைமாருக்கு வீடு கட்டக் காசு வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் மாதச் சம்பளம் என்பது மட்டக்களப்பில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? சிலோன் கரிசன் ஆட்டிலறி என்ற கரையோரப் பீரங்கிப் படையில் எடுக்கப்பட்டு, பயிற்சி முடிந்ததும் திருகோணமலைக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே துறைமுக வாயிலைப் பார்த்தபடி ஒல்லாந்தர் காலத்து ஒஸ்டன்பேர்க் குன்று இருக்கிறது. அதிலிருந்த ஆறு அங்குலப் பீரங்கியொன்றில் அவர் குண்டு ஏற்றுகிறவராக இருந்தார். ஒரு குண்டு 100 இறாத்தல். அதைக் கையில் எடுத்து, குழாயின் வாய்க்குக் கொண்டுபோய், தள்ளிவிட்டு விலக வேண்டும். கடலில் படகொன்று இழுத்துச் செல்லும் இலக்கைப் பார்த்துப் பயிற்சிக்காகச் சுடுவார்கள். அப்படிச் சுட்டதில் அவருடைய இடது காது போனது. நீ சிறுவயதில் அவரோடு பேசும்போதெல்லாம் அவர் தலையைத் திருப்பி வலது காதைத் தந்ததை அலட்சியம் என்று நினைத்துக் கோபித்தது உனக்கு நினைவிருக்கும்.

இதையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். அது கப்பலைச் சுடுவதற்கான பீரங்கி. வானத்தை நோக்கி நிமிரும் குழாயல்ல. விமானத்தைச் சுடும் பீரங்கிகள் வேறு, அவற்றின் ஆட்கள் வேறு. எதிரியின் கப்பல் எதுவும் திருகோணமலைக்குக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வரவில்லை. ஆகவே ஐந்து வருடத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்த உன் அம்மப்பா, எதிரியை நோக்கி ஒரு குண்டைத்தானும் ஏற்றியதில்லை. அதை அவர் மறைத்ததும் இல்லை, அதற்காக வருந்தியதும் இல்லை.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் விழுந்த பிறகு அடுத்தது இலங்கைதான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 8ஆம் திகதி இரவு திருகோணமலையிலிருந்த கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். காவல் முறையிலிருந்த உன் அம்மப்பா, ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் விளக்கெல்லாம் அணைத்து, ஒரு கறுத்த மதிலைப் போலத் துறைமுக வாயிலைக் கடந்ததைப் பார்த்தார். அதன் துணைக்கு வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் போனது. பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சொல். அவளுடைய மண்டபத்தில் அந்தக் கப்பலைப் பற்றி அறிந்தவர்கள் இருக்கக்கூடும். இரண்டும் தெற்கே திரும்பி, கரையோரமாக, எங்கள் ஊர்ப் பக்கமாக வந்தன.

மறுநாள் காலையில் திருகோணமலைக்கு மேலே விமானங்கள் வந்தன. துறைமுகமும் சீனக்குடாவும் எரிந்தன. "நாங்க வாயைப் பொளந்துகொண்டு பாத்துக்கொண்டு நிண்டம்" என்பதுதான் அந்தக் காலைப்பொழுதைப் பற்றி அவர் எப்போதும் சொன்ன முதல் வசனம். வேறு எதையாவது சேர்த்துச் சொல்வார் என்று கேட்பவர்கள் காத்திருப்பார்கள், அவர் சேர்க்கமாட்டார்.

அதே காலையில் ஹேர்மிசை ஜப்பானியர் எங்கள் கடலில் கண்டுபிடித்தார்கள். விமானந்தாங்கிக் கப்பல் என்று பெயர். ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. முற்பகல் பதினொரு மணிக்கு முன்னரே அது தாழ்ந்துவிட்டது. வம்பயரும் போனது. ஹேர்மிசில் மட்டும் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அவ்வழியே வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் நூற்றுக்கணக்கானோரைத் தூக்கியெடுத்தது. சிலர் கரைக்கு நீந்தி வந்தார்கள். ஆரையம்பதியில் அவருடைய தாயார் கடலுக்குள் எழுந்த புகையைப் பார்த்துவிட்டு, தூரம் திசை எதுவும் அறியாதவராகையால், திருகோணமலைதான் எரிகிறது, பிள்ளை போய்விட்டான் என்று தலையிலடித்து அழுதாராம். மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. பின்னர் விடுமுறையில், கல்லோயாச் சந்தியில் ரயில் மாறி அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, தாயார் முதலில் அவருடைய காலைத்தான் தொட்டுப் பார்த்தார். பேய்க்குக் கால் தரையில் படாது என்பார்களல்லவா, அதற்காக. "எனக்கு முன்னால போன கப்பல் எங்கட ஊருக்கு முன்னால போய் முடிஞ்சிற்று" என்று உன் அம்மப்பா சொல்வார். அந்தக் கப்பல் இன்றும் எங்கள் கடலடியில்தான் கிடக்கிறது. மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு அந்த இடம் தெரியும்.

இனி நான் சொல்லப்போவதை அவர் எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னார். தாக்குதல் அடங்கிய பிறகு அவருடைய குழுவை இடிபாடு அகற்றுவதற்காகத் துறைமுகத் தொழிற்பட்டறைப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே ஒரு தகரக் கொட்டிலின் கீழிருந்து வயதான தொழிலாளி ஒருவரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தமிழர். இடுப்புக்குக் கீழே நசுங்கியிருந்தது. அந்த மனிதர் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "தம்பி, என்ட வெத்திலைப் பையை விட்டிட்டு வந்திட்டன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். நிழலில் கிடத்திவிட்டு, அதட்டிய சார்ஜன்டைப் பொருட்படுத்தாமல் திரும்பிப் போய், தகரத்தைப் புரட்டித் தேடினார். பை கிழிந்து எரிந்து போயிருந்தது. அதற்குள் இருந்த பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகம் மட்டும் கிடைத்தது. கொண்டுவந்து பார்த்தபோது அவர் இறந்திருந்தார். பெயர் கேட்டிருக்கவில்லை. பக்கத்திலிருந்தவர்களுக்கும் தெரியவில்லை. தொழிலாளர்களில் பலர் காட்டுப் பக்கம் ஓடிவிட்டிருந்தார்கள். கரண்டகத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அது வீட்டுக்கு வந்தது.

ஒரு மாதம் கழித்து, மே 8ஆம் திகதி இரவு, கொக்கோஸ் தீவுகளில் இதே படையணியைச் சேர்ந்த இலங்கையர் சிலர் தங்கள் அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். கிறேஷன் பெர்னாண்டோ முதலான மூவர் ஆகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதைப் பற்றிப் பட்டாளத்துக்குள் பேசக்கூடாது என்று சொல்லப்பட்டதாகவும், பேசாமலே எல்லோரும் அறிந்திருந்ததாகவும் அவர் சொன்னார். அவர்கள் செய்தது சரியா பிழையா என்று இளவட்டங்கள் கேட்டால், "எனக்கு அந்தத் தீவில காவல் வரல்ல" என்பார். தான் நின்றிராத இடத்தில் நின்றவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. எனக்கு அது அந்த நாளில் கோழைத்தனமாகப் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை.

1946இல் விடுவிக்கப்பட்டார். இரண்டு தங்கைமாருக்கும் வீடு கட்டியாகிவிட்டது. 1947இல் என் அம்மாவை மணந்து கல்லடியில் இந்த வீட்டில் வந்து ஏறினார். 1949இல் சுதந்திர இலங்கையின் இராணுவம் அமைக்கப்பட்டபோது பழைய ஆட்கள் சிலர் திரும்பவும் போனார்கள். அவர் போகவில்லை, பீ.டபிள்யு.டி. என்ற பொதுவேலைத் திணைக்களத்தில் ஓவசியர் வேலையில் சேர்ந்திருந்தார். ஆயினும் ஊரில் அவருக்குப் பெயர் 'பட்டாளத்தார்'தான். பட்டாளத்தார் வீடு, பட்டாளத்தார் பெட்டை என்றுதான் என்னையும் அறிவார்கள். 1983க்குப் பிறகு அந்தச் சொல் மெல்ல மெல்ல இல்லாமல் போனது. யாரும் கூடிப் பேசித் தீர்மானிக்கவில்லை. ஒவ்வொருவராக 'ஓவசியர் ஐயா' என்று அழைக்கத் தொடங்கினார்கள். பட்டாளம் என்ற சொல்லே எங்கள் வாயிலிருந்து போய் 'ஆமி' என்றாகியிருந்த காலத்தில், அது அவரைக் காப்பாற்றுவதற்காக அயலவர்கள் செய்த உபகாரம் என்று எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

அவருக்கு நாங்கள் மூன்று பெண்பிள்ளைகள். எங்கள் ஊரில் பெண்பிள்ளை பிறந்த அன்றே தகப்பன் கல் அரியத் தொடங்க வேண்டும் என்பார்கள்; அவர் அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். வேலை முடிந்து வந்து, பின்னேரத்தில் தானே மண் குழைத்துக் கல் அரிந்து, மாரிக்கு முன்னர் சூளை வைத்து, வருடத்துக்கு இத்தனை என்று அடுக்கி, கிடுகால் மூடி வைப்பார். எத்தனை கல் இருக்கிறது என்று எந்நேரம் கேட்டாலும் சரியான தொகையைச் சொல்வார். பெரியக்காவின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியது 1962இல். சின்னக்காவின் வீடு 1968இல் குடிபுகுந்தது. சின்னக்காவின் வீட்டுக்கு ஓடு வாங்கக் காசு போதாமல் தன்னுடைய ரலி சைக்கிளை விற்றுவிட்டு, ஒரு வருடம் கல்லடிப் பாலத்தைக் கடந்து நடந்தே வேலைக்குப் போனார். "றூட் மார்ச்" என்று சிரிப்பார். கடைசிப் பிள்ளையான எனக்கு இந்தத் தாய்வீடு. ஆகவே தான் வந்து ஏறிய வீட்டிலேயே, கடைசியில் என்னுடைய வீட்டில் இருக்கிறவராக ஆனார். அதற்குப் பிறகு முன்வாசல் நாற்காலியில் இருக்கமாட்டார். உன் அப்பா எவ்வளவு வற்புறுத்தினாலும் பக்கத் திண்ணையில்தான் இருப்பார். வீட்டுக்கு வந்த மருமகனுக்கு உரிய இடத்தை மாமனார் பிடிக்கக்கூடாது என்பது அவருடைய எண்ணம்.

பட்டாளத்திலிருந்து அவர் கொண்டுவந்தவை என்று பார்த்தால், மடித்த போர்வையின் நான்கு மூலையும் ஒன்றாக நிற்க வேண்டும் என்ற பிடிவாதமும், தூரத்தைக் கண்ணால் அளக்கும் பழக்கமும்தான். வாவிக்கரையில் உன்னை நிறுத்தி அவர் பழக்கியதை நீ பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாயா? கையை நேராக நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடி, தோணியின் அணியத்தை விரலால் மறைக்க வேண்டும். பிறகு கையை அசைக்காமல் மற்றக் கண்ணால் பார்த்தால் விரல் பக்கவாட்டில் தாவி நிற்கும். எத்தனை தோணி நீளம் தாவியதோ அந்த நீளத்தைப் பத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். அவர் விரலைக்கூட நீட்டாமல் "700 யார்" என்று சொல்ல, நீ விரலை நீட்டிக் கணக்குப் பார்த்து, அதே தொகை வருகிறதா என்று சோதித்துக்கொண்டிருப்பாய். நிலவு நாட்களில் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, நீருக்குள் துடுப்பை வைத்து அதன் பிடியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவரும் போயிருக்கிறார், நல்ல காதை வைத்துத்தான் கேட்டிருக்கிறார். "எனக்குக் கேக்கல்ல" என்றுதான் கடைசிவரை சொன்னார். மட்டக்களப்பில் பிறந்து அப்படிச் சொன்ன வேறொருவரை நான் காணவில்லை.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவுச் சூறாவளி உனக்கு நினைவிராது. உனக்கு இரண்டு வயது. அன்று உன்னை வெறும் பெட்டகம் ஒன்றுக்குள் தலையணைகளோடு இருத்தி, மூடியைக் கட்டையால் சற்றுத் திறந்து வைத்துவிட்டு, அவரும் உன் அப்பாவும் முதுகைக் கதவில் கொடுத்து நின்றார்கள். நடுவே காற்று சட்டென்று நின்றது. அயலில் சிலர் முடிந்துவிட்டது என்று வெளியே வந்தார்கள். அவர் கதவைத் திறக்கவில்லை. இது நடுவெளி, இனி மற்றப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்று சொல்லி, எங்களை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். அப்படியே நடந்தது. விடிந்ததும் தேங்காயெண்ணெய் விளக்கொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளிச்சம் வந்துவிட்டதைக்கூடக் கவனிக்காமல், விழுந்து கிடந்த தென்னைகளுக்கு மேலால் ஏறி ஏறி அக்காமாரின் வீடுகளைப் பார்க்கப் போனார். சின்னக்காவின் வீட்டில் சைக்கிள் விற்று வாங்கிய ஓடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். திரும்பி வந்து, "எல்லாரும் எண்ணிக்கைக்குச் சரி" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்படியே தரையில் குந்தி அழுதார். அவர் அழுததை நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

1990 ஆனியில் மறுபடியும் போர் தொடங்கியபோது வீட்டில் இருந்த இரண்டு பதக்கங்களும் எங்களுக்குப் பெரும் பயமாகிவிட்டன. இரண்டும் போர் முடிந்த பிறகு கொடுக்கப்பட்டவை. ஒரு பக்கத்தில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை இருக்கும். எங்கும் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டிருக்காது. யார் வந்து பெட்டியைக் கிளறினாலும், இது என்ன, யாருடையது, ஏன் வைத்திருக்கிறாய் என்ற கேள்விக்கு விளக்கம் சொல்ல முடியாது. எந்தப் பக்கத்தவருக்கும் முடியாது. ஆகவே ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு, மெழுகால் ஒட்டி, தேசிமரத்தடியில் முழங்கை ஆழத்தில் புதைத்தோம். அவர் கரண்டகத்தையும் கொண்டுவந்து அதற்குள் வைத்தார். அதற்கு யார் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று அம்மா கேட்டார். "ஓடக்குள்ள கைதவறிப் போயிரும்" என்றார். அந்த வருடங்களில் எத்தனை முறை ஓடினோம் என்பதை நான் இங்கே எழுதவில்லை. நீயும் கூட ஓடியவன்.

1996 ஐப்பசி மழையில் அவர் போனது உனக்குத் தெரியும். கொடியும் இல்லை, வெடியும் இல்லை. வீதி வெள்ளத்தில் முழங்காலளவு நீரில் தூக்கிச் சென்றார்கள்.

தகரத்தை எவரும் தோண்டவில்லை. உண்மையைச் சொன்னால் நாங்கள் அதை மறந்தே போனோம். 2004 மார்கழி 26ஆம் திகதி பௌர்ணமி. நானும் உன் அப்பாவும் விடியவே மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்ததால் தப்பினோம். கடல் வீட்டுக்குள் புகுந்து மறுபக்கத்தால் வெளியேறியிருந்தது. சீருடையில் அவர் நின்ற படம், பட்டாளத்தில் கொடுத்த விடுவிப்புப் புத்தகம், நீ அனுப்பிய கடிதங்கள், எல்லாம் போயின. சில வாரங்கள் கழித்து, சாய்ந்து கிடந்த தேசிமரத்தை வெட்ட வந்தவரின் மண்வெட்டியில் தகரம் தட்டுப்பட்டது. துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தாலும் உள்ளே இருந்தவை இருந்தன. நாடாக்கள் உக்கிப் போயின. பதக்கங்கள் கறுத்திருந்தன. கரண்டகத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன், பளிச்சென்று வந்துவிட்டது.

நீ சிறுவனாயிருந்தபோது, புத்தாண்டுக்கு ஐந்து நாள் முன்னர், மருத்துநீருக்கும் பலகாரத்துக்கும் வீடு அல்லோலகல்லோலப்படும் நேரத்தில், அவர் குளித்து வேட்டி உடுத்து, உன் கையில் வெற்றிலைத் தட்டைக் கொடுத்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போவாரே, நினைவிருக்கிறதா? கப்பலில் இறந்தவர்களுக்காக என்று நீ நினைத்தாய். பிள்ளையின் கட்டுரையிலும் அப்படித்தான் வருகிறது. கப்பலில் இறந்தவர்களுக்குத் திருகோணமலையில் நிலாவெளி வீதியில் கல்லறைகளும் இங்கிலாந்தில் பெயர் வெட்டிய கற்களும் உண்டு என்று அவருக்குத் தெரியும். அந்தத் தட்டில் இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் கரண்டகம் நிறையச் சுண்ணாம்பும்தான் இருக்கும். அது வெற்றிலை கேட்ட அந்த மனிதருக்கு.

எனவே பிள்ளையிடம் சொல்லி அந்த வசனத்தை மாற்றச் சொல். என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்; மேலே உள்ளதைப் படித்துக் காட்டு, அவளே எழுதட்டும். விமானம் விழாததால் கட்டுரை சப்பென்று போய்விடும் என்று அவள் கவலைப்பட்டால், பழைய வசனத்துக்கு உரியவள் அப்பாச்சி என்றும், அதை நீக்குமாறு அவளே கேட்கிறாள் என்றும் சொல்.

பெரியக்காவின் மகன் அடுத்த கிழமை சிட்னிக்குப் போகிறான். பதக்கங்கள் இரண்டையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் உனக்குத் தபாலில் அனுப்புவான். புதிய நாடா வாங்கித் தைக்க வேண்டாம். துலக்கவும் வேண்டாம். கரண்டகத்தை அனுப்பமாட்டேன், 9ஆம் திகதிக்கு அது இங்கே வேண்டும். இப்போது தட்டு ஏந்துவதற்குப் பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை வருகிறது. போன வருடம் போகும் வழியில், இது யாருக்கு ஆச்சி என்று கேட்டது. திருகோணமலையில் ஓர் ஐயாவுக்கு என்று சொன்னேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா